நிபுணர் சொன்னால் போதுமா?

(லிட்டில் இந்தியாவில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடந்த ஒரு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வேலை நேரம் காரணமாக வர முடியாதவர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.)



வாரத்தில் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஓய்வு நாளில் ஒரு வழக்கறிஞர் பேசுவதைக் கேட்க வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

"டாக்டரே சொல்லிவிட்டார்." இந்த ஒரு வாக்கியம் நம் வீடுகளில் எத்தனை பேச்சை முடித்துவைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று பள்ளியில் ஒருவர் அறிக்கை எழுதுகிறார். வேலையிடத்தில் கை நசுங்கிய தம்பிக்கு இத்தனை விழுக்காடு ஊனம் என்று ஒரு மருத்துவர் எழுதுகிறார். அந்தத் தாளில் நமக்குப் புரியாத சொற்கள் இருக்கும், கீழே கையெழுத்து இருக்கும், பெயருக்குப் பின்னால் பட்டங்கள் இருக்கும். நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.

இன்னொரு கூட்டமும் நம்மிடையே இருக்கிறது. "எல்லா டாக்டரும் காசுக்குத்தான், எல்லா நிபுணரும் அரசாங்கத்துக்குத்தான்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள். வாட்ஸ்அப்பில் வரும் தகவலை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டுமே நம்மைக் கைவிடும். நிபுணரின் பேச்சை எப்படிக் கேட்பது, எங்கே நம்புவது, எங்கே கேள்வி கேட்பது என்பதுதான் இன்றைய பேச்சு. இது படித்தவர்களின் வாதம் என்று நினைக்காதீர்கள். நம் ஆட்களில் ஒருவருடைய உயிர் இந்தக் கேள்வியில் தொங்கியது.

நாகேந்திரன் வழக்கு

நாகேந்திரன் தர்மலிங்கம் மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்தவர். 2009 ஏப்ரல் 22 அன்று உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் டயமார்ஃபின் இருந்தது. 15 கிராமுக்கு மேல் கடத்தினால் சிங்கப்பூரில் மரண தண்டனை. 2010 நவம்பரில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2011 ஜூலையில் மேல்முறையீடு தள்ளுபடியானது.

2013 ஜனவரி முதல் சட்டத்தில் ஒரு சிறு வாசல் திறந்தது. போதைப்பொருளைத் தூக்கிவந்த வேலை மட்டும் செய்தவர், குற்றம் செய்த நேரத்தில் மனநிலையில் இயல்புக்கு மாறான ஒரு நிலை இருந்தது என்றும், அது தம் பொறுப்புணர்வைக் கணிசமாகக் குறைத்தது என்றும் நிரூபித்தால், தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை. நிரூபிக்க வேண்டிய சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். நாகேந்திரன் அந்த வாசலைத் தட்டினார்.

மனநல மருத்துவர்களும் உளவியல் நிபுணருமாக நான்கு பேருடைய சாட்சியம் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒரு சோதனையில் அவருடைய ஐக்யூ 69 என்று பதிவாகியிருந்தது. ஆனால் நான்கு பேரும் ஒரே மாதிரி பேசவில்லை. எல்லைக்கோட்டு அறிவுத்திறன் என்றது ஒரு கருத்து. கவனக்குறைவுக் கோளாறும் சேர்ந்திருக்கிறது என்றது இன்னொன்று. மனநோய் என்று சொல்ல எதுவும் இல்லை என்றது மற்றொன்று. அவருக்காக வந்த மருத்துவரே குறுக்கு விசாரணையின் முடிவில், இதை மருத்துவப் பொருளில் அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார்.

2017இல் உயர் நீதிமன்றம் மனுவை மறுத்தது. 2019 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2021 நவம்பர் 10க்கு நாள் குறித்தார்கள். ஐக்கிய நாட்டு மனித உரிமை வல்லுநர்களும் உடற்குறையுள்ளோருக்கான அமைப்புகளும் குரல் கொடுத்தார்கள். மலேசியப் பிரதமர் கடிதம் எழுதினார். அவருக்குக் கோவிட் தொற்று இருந்ததால் அப்போதைக்கு நின்றது. 2022 மார்ச் 29 அன்று மேல்முறையீடும் தோற்றது. ஏப்ரல் 27 விடியற்காலையில் சாங்கியில் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

நான் இங்கே அந்த வழக்கை மறுபடி விசாரிக்கப் போவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பை நியாயமான முறையில் விமர்சிக்க நம் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு, இந்த வழக்கில் அறிவியல் எங்கே முடிந்தது, தீர்ப்பு எங்கே தொடங்கியது என்பதை மட்டும் காட்டுகிறேன்.

மருத்துவர் எதுவரை, நீதிபதி எதிலிருந்து

இந்தச் சட்டத்தில் மூன்று படிகள் இருக்கின்றன. மனநிலையில் இயல்புக்கு மாறான நிலை இருந்ததா? அது பிறவியிலோ நோயாலோ காயத்தாலோ வந்ததா? அது பொறுப்புணர்வைக் கணிசமாகக் குறைத்ததா?

இரண்டாவது படிதான் பெரும்பாலும் மருத்துவருடைய இடம். முதலாவதும் மூன்றாவதும் நீதிபதி முடிவு செய்யவேண்டியவை என்று நம் நீதிமன்றங்கள் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. மருத்துவர் கருத்தைக் கேட்பார்கள், ஆனால் முடிவு நீதிபதியுடையது.

இதை மனதில் வையுங்கள். "நிபுணர்கள் முடிவு செய்துவிட்டார்கள்" என்று செய்தியில் படிக்கும்போது, உண்மையில் முடிவு செய்தது யார் என்று கேளுங்கள். ஒருவருடைய மூளை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சோதனை சொல்லலாம். அவரைத் தூக்கிலிடலாமா என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. அது சட்டமும் சமுதாயமும் எடுக்கும் முடிவு. அந்தப் பொறுப்பை நான்கு மருத்துவர்களின் தோளில் போட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

நாகேந்திரன் வழக்கில் நீதிமன்றம் எதையெல்லாம் பார்த்தது? சோதனைச்சாவடியில் சோதிக்க வந்தபோது, தாம் பாதுகாவல் வேலை பார்ப்பதாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். யோசித்துச் செய்திருக்கிறார், எதைச் சொன்னால் நம்புவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நீதிமன்றம் கருதியது. அதே நடத்தையை இன்னொருவர் வேறு மாதிரி வாசிக்கலாம். சோதனைச்சாவடியில் வாயில் வந்ததைச் சொல்வதற்கு ஆழ்ந்த திட்டம் தேவையில்லை, ஆபத்தைச் சரியாக எடைபோடத் தெரிந்த ஆள் தொடையில் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வந்திருக்கவே மாட்டார் என்று வாதிடலாம். ஒரே செயல், இரண்டு வாசிப்பு. எந்த வாசிப்பு சரி என்பதை ஐக்யூ எண் தீர்த்துவைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. தாம் எதுவரை படித்தார் என்பதை அவர் ஒவ்வொரு நேர்காணலிலும் ஒவ்வொரு மாதிரி சொல்லியிருந்தார், போகப் போகக் குறைத்துச் சொன்னார் என்று நீதிமன்றம் கண்டது. இதனால் அவருடைய பேச்சின் நம்பகத்தன்மை அடிபட்டது. மருத்துவர்களின் அறிக்கைகள் எல்லாம் அவர் சொன்ன வரலாற்றின்மேல்தானே நிற்கின்றன? அடித்தளம் ஆடினால் மேல்மாடியும் ஆடும். இந்த இடத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன். உங்களில் ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது.

2021இல் அவருடைய மனவயது 18க்கும் கீழே என்ற வாதம் வைக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாக வந்தது வழக்கறிஞரின் சத்தியப் பத்திரம். அரை மணி நேரம்கூட ஆகாத ஒரு சந்திப்பை வைத்துச் சொல்லப்பட்டது. மருத்துவ அறிக்கை இல்லாமல் அதை ஏற்க முடியாது என்றது நீதிமன்றம். நம் பக்கம் நிற்பவர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு நிபுணரிடம் நாம் கேட்கும் கேள்வியை நம் தரப்பிலும் கேட்க வேண்டும்.

69 என்ற எண்

ஐக்யூ என்பது வெப்பமானியில் தெரியும் காய்ச்சல் அளவைப் போன்றதல்ல. ஒரு சமூகத்தில் நிறையப் பேருக்குச் சோதனை வைத்து, சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். 70 என்பது அந்தச் சராசரியிலிருந்து வெகு தூரம் கீழே. நூற்றில் சுமார் இரண்டு பேர்தான் அதற்கும் கீழே வருவார்கள். ஒரே ஆள் வேறொரு நாளில் எழுதினால் ஐந்து புள்ளி கூடலாம், ஐந்து புள்ளி குறையலாம். அதனால் 69 என்றால், ஏறத்தாழ 64க்கும் 74க்கும் நடுவில் எங்கோ என்றுதான் ஒழுங்கான உளவியல் நிபுணர் படிப்பார்.

எண் மட்டும் போதாது என்பதும் அறிவியலே சொல்வதுதான். அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவு செய்ய மூன்று வேண்டும். சோதனையில் குறைந்த மதிப்பெண். அன்றாட வாழ்க்கைத் திறன்களில் குறைவு, அதாவது காசைக் கையாளுவது, நேரம் பார்த்துப் போய்வருவது, ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிப்பது போன்றவை. மூன்றாவது, இவை சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். நாகேந்திரனுக்கு எண் இருந்தும் அந்தப் பெயர் கிடைக்காமல் போனதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

இதே சண்டை அமெரிக்காவிலும் நடந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களைக் கொல்லக் கூடாது என்று 2002இல் அட்கின்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஃபுளோரிடா மாநிலம் 70இல் கோடு கிழித்தது. ஹால் என்பவருக்கு 71. ஒரு புள்ளி அதிகம் என்பதால் மற்ற ஆதாரங்களைக் காட்டவே அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் இது தவறு என்றது. சோதனைக்கே பிழை அளவு இருக்கும்போது ஒரு புள்ளியை வைத்து உயிரைத் தீர்மானிக்க முடியாது என்பது அதன் சாரம். 2017இல் டெக்சஸ் மாநில வழக்கு ஒன்றில், நீதிபதிகள் தங்கள் மனப்பதிவுகளை வைத்து அளக்காமல் மருத்துவத் துறையின் இன்றைய அளவுகோல்களைப் பின்பற்ற வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது.

அங்கே அரசமைப்புச் சட்டத்திலேயே தடை இருந்ததால் நிபுணரின் அளவுகோலுக்கு அவ்வளவு எடை கிடைத்தது. சிங்கப்பூரில் அப்படி ஒரு தனித் தடை இல்லை. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையில் நாமும் 2013இல் சேர்ந்தோம். ஆனாலும் நம் நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி "இவருக்குக் குறைபாடு உண்டா?" என்பதோடு நிற்காது. "அது பொறுப்பைக் கணிசமாகக் குறைத்ததா?" என்பதுவரை போகும். அளவுகோல் ஒன்றாக இருந்தாலும் கேள்வி மாறினால் பதில் மாறும். உயிரும் அதோடு போகும்.

நம்மைப் பற்றி எழுதப்பட்ட அறிவியல்

அறிவுத்திறன் என்ற பேச்சு இந்த ஊருக்குப் புதிதில்லை. வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1983 ஆகஸ்ட் 14 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ, படித்த பெண்கள் குறைவாகவும் படிக்காத பெண்கள் அதிகமாகவும் பிள்ளை பெறுவதால் நாட்டின் திறன் குறைந்துவிடும் என்று கவலைப்பட்டார். அறிவில் 80 விழுக்காடு பிறப்பில் வருவது, 20 விழுக்காடு வளர்ப்பில் வருவது என்று இரட்டைக் குழந்தைகள் பற்றிய ஆய்வுகளைக் காட்டிப் பேசினார்.

பேச்சு திட்டமானது. மூன்று பிள்ளை பெறும் பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. இன்னொரு பக்கம், படிப்பும் வருமானமும் குறைந்த இளம் தாய்மார் ஓரிரு பிள்ளைகளோடு நிறுத்திக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. அந்தக் காலத்து 10,000 வெள்ளி! துப்புரவு வேலை பார்த்த ஒரு தாய்க்கு அது என்ன தொகை என்று நான் சொல்லத் தேவையில்லை. திட்டத்தில் இனத்தின் பெயர் எழுதியிருக்கவில்லை. படிப்பும் வருமானமும் குறைந்த வீடுகள் எந்தச் சமூகங்களில் அதிகம் இருந்தன என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

இந்த அறிவியல் எவ்வளவு உறுதியானது? பிறப்பா வளர்ப்பா என்ற ஆய்வுத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் இங்கிலாந்தின் சிரில் பர்ட். அவருடைய இரட்டையர் ஆய்வு எண்கள் சந்தேகத்துக்கு உரியவை என்று 1970களிலேயே அம்பலமானது. ஆட்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலும் விடை மட்டும் கடைசிப் புள்ளிவரை மாறாமல் இருந்தது! மோசடியா கவனக்குறைவா என்று அறிஞர்கள் பிறகும் சண்டை போட்டார்கள். அந்த எண்களை நம்பலாம் என்று வாதிடத்தான் ஆள் குறைந்துபோனது. பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் கவனமானவை. அவற்றை வைத்துக்கொண்டும், ஏழைத் தாயின் பிள்ளை இன்னதுதான் ஆகும் என்று எவரும் சொல்ல முடியாது. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய எண் அது. உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிய சோதிடம் அல்ல.

அந்தத் திட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களில் பட்டதாரிப் பெண்களே நிறைய இருந்தார்கள். 1984 தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் 77.7இலிருந்து 64.8க்கு இறங்கியது. அதற்குப் பல காரணங்கள், இதுவும் ஒன்று. பள்ளி முன்னுரிமை 1985இல் கைவிடப்பட்டது. நிபுணத்துவத்தின் பெயரால் வந்த ஒன்றைப் பொதுமக்கள் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிய நிகழ்ச்சி அது.

இப்போது நாம் நிற்கும் இந்த வட்டாரத்துக்கே வருகிறேன். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையில் சக்திவேல் குமாரவேலு என்ற 33 வயதுக் கட்டுமான ஊழியர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூன் இறுதியில் அறிக்கை தந்தது. மூன்று காரணங்கள்: விபத்தையும் மீட்புப் பணியையும் பற்றிய தவறான புரிதல், மது, கூட்டத்தின் நடத்தையில் வெளிப்பட்ட சில "கலாசார உளவியல்" அம்சங்கள். ஊழியர்களின் வேலைச் சூழலும் வாழ்க்கைச் சூழலும் காரணம் அல்ல என்றது அறிக்கை.

மதுவை அளக்கலாம், ரத்தம் சொல்லும். ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, கூட்டம் என்ன பார்த்தது என்பதைக் காணொளி சொல்லும். "கலாசார உளவியல்" என்பதை எதை வைத்து அளப்பது? அதே ஊர்க்காரர்கள், அதே கலாசாரத்தோடு, பல ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் இதே தெருக்களில் பல்லாயிரம் பேராகக் கூடி, சாப்பிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பி, பேருந்து ஏறிப் போனார்கள். அத்தனை ஞாயிறுகளும் அமைதியாக இருந்ததை எந்த அறிக்கையும் நம் கலாசாரத்தின் கணக்கில் வரவு வைக்கவில்லை. ஒரு இரவு கெட்டபோது மட்டும் கலாசாரம் காரணமாகிறது என்றால், அதை அறிவியல் என்று எப்படி ஏற்பது? கலவரம் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு இனத்தின் மனத்தைப் பற்றிய கூற்றுக்கு, ரத்தத்தில் மது இருந்ததா என்பதற்குக் கேட்கும் அளவு ஆதாரமாவது கேட்க வேண்டும் என்கிறேன்.

அறைக்குள் இருந்தவருக்குத் தெரிந்தது

2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிருமித்தொற்று பரவத் தொடங்கியது. தங்குவிடுதிகளில் ஒரே அறையில் பன்னிரண்டு, இருபது பேர் படுத்திருக்கும்போது இடைவெளி எப்படிக் காப்பது என்று வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புகள் மார்ச் மாதமே எச்சரித்தன. ஏப்ரலில் விடுதிகள் பற்றி எரிந்தது போல் தொற்று பரவியது. டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர்.

கிருமி எப்படிப் பரவும் என்று மருத்துவருக்குத் தெரியும். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் எத்தனை அடி, கழிவறையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், காய்ச்சல் என்று சொன்னால் சம்பளம் போகுமா என்பது அங்கே படுத்திருக்கும் ஊழியருக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு முழுமை. ஊழியரின் அறிவுக்குச் சான்றிதழ் இல்லை என்பதற்காக அதை வெறும் புகார் என்று ஒதுக்கினால், நட்டம் எல்லாருக்கும்தான்.

அப்படியானால் யாரையும் நம்பக் கூடாதா?

நம்ப வேண்டும். தடுப்பூசி பற்றி நம் குடும்பக் குழுக்களில் சுற்றிய வதந்திகளை நீங்களே பார்த்தீர்கள். அதை நம்பித் தள்ளிப்போட்டு அவதிப்பட்ட பெரியவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். முதலில் நோயில்லாதவர்களுக்கு முகக்கவசம் வேண்டாம் என்றார்கள், 2020 ஏப்ரலில் கட்டாயம் என்றார்கள். "பார்த்தீர்களா, மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்" என்று சிலர் சிரித்தார்கள். புதிய ஆதாரம் வந்தால் மாறுவதுதான் அறிவியல். என்ன வந்தாலும் மாறாமல் பேசுகிறவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நமக்கு நேரடியாக நன்மை செய்த ஒரு மாற்றத்தைச் சொல்கிறேன். உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால்தான் ஆபத்து என்று முன்பு எல்லாருக்கும் ஒரே கணக்கு. அது பெரும்பாலும் ஐரோப்பியர்களை அளந்து வந்த கணக்கு. ஆசியர்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வருகின்றன என்று ஆய்வுகள் காட்டின. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூடி ஆராய்ந்தது. அதன் பரிந்துரை 2004இல் வெளியானது. சிங்கப்பூர் 2005இல் ஆபத்து எல்லையை 23க்கு இறக்கியது. நீரிழிவு நம் இந்தியக் குடும்பங்களை எப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்பது உங்களுக்கே தெரியும். நம்மையும் சேர்த்து அளந்தபோது அறிவியல் நமக்கு உண்மையைச் சொன்னது. நம்மை அளக்காமல் நம்மைப் பற்றிப் பேசியபோது தவறிவிட்டது. ஆகவே அறிவியலை விட்டு ஓடுவது நமக்கு வழியில்லை. அதற்குள் நம் இடத்தைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

நீங்கள் செய்யக் கூடியவை

முதலாவது, தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். பள்ளி அறிக்கை, தேர்வு மதிப்பெண், ஆசிரியர் எழுதிய குறிப்பு, மருத்துவமனை அட்டை, உளவியல் நிபுணரின் அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். நாகேந்திரன் வழக்கில் படிப்பு வரலாறு எப்படி ஒரு பிரச்சினையாயிற்று என்று பார்த்தோம். வாய்ப்பேச்சு மாறும். பத்து வயதில் பள்ளி எழுதிய தாள் மாறாது. குறை சிறுவயதிலேயே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டாவது, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். "கொஞ்சம் மந்தம், வளர்ந்தால் சரியாகிவிடும்", "கல்யாணம் ஆனால் பொறுப்பு வந்துவிடும்" என்று பல வீடுகளில் பேசிப் பேசியே காலத்தை ஓட்டிவிடுகிறோம். சோதனைக்கு அழைத்துப் போனால் அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்ற பயம். அந்தப் பிள்ளை இருபது வயதில் எவனோ ஒருவன் கொடுக்கும் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும்போது அக்கம்பக்கம் உதவிக்கு வராது.

மூன்றாவது, மொழியைக் கேளுங்கள். பிள்ளைக்குச் சோதனை எந்த மொழியில் நடந்தது, வீட்டில் தமிழே பேசும் பிள்ளை என்பதைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேளுங்கள். காவல்துறையில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால், உங்களுக்குப் புரியும் மொழியில் அதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. அது உங்கள் உரிமை, சலுகை இல்லை.

நான்காவது, எந்த நிபுணரின் அறிக்கை வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். நேரில் பார்த்தாரா, எவ்வளவு நேரம் பார்த்தார்? எதை வைத்து அளந்தார்? எது அளந்து சொன்னது, எது அவருடைய அபிப்பிராயம்? இதே துறையில் மாறுபட்டுச் சொல்பவர் உண்டா, ஏன்? மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் பதில் சொல்வார். வேலையிடக் காயத்துக்கான மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால், அறிவிப்பில் போட்டிருக்கும் காலக்கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். கெடு தாண்டினால் கேள்வியும் தாண்டிப் போகும்.

ஐந்தாவது, நேரத்தோடு பேசுங்கள். குடும்பத்தில் யாராவது வழக்கில் மாட்டினால், அவருடைய படிப்பு, தலையில் பட்ட அடி, குடிப்பழக்கம், மனநலம் எல்லாவற்றையும் முதல் நாளே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். மரண தண்டனை வழக்குகளில் வசதியில்லாதவர்களுக்கு வழக்கறிஞர் அமர்த்தித் தரும் திட்டம் இருக்கிறது. ஆனால் உங்கள் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் என்ன பாடுபட்டான் என்பது அந்த வழக்கறிஞருக்கு எப்படித் தெரியும்? மேல்முறையீடு முடிந்த பிறகு புதிய ஆதாரத்தோடு போவது ஏற்கெனவே கடினம். 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடப்புக்கு வந்த சட்டம் அந்த வழியை இன்னும் குறுக்கிவிட்டது.

நாகேந்திரனின் உடல் ஈப்போவுக்குப் போய்விட்டது. நான்கு நிபுணர்களின் அறிக்கைகளும் தீர்ப்புகளும் நூலகத்தில் இருக்கின்றன, சட்ட மாணவர்கள் படிப்பார்கள். நம் குடும்பங்கள் படிக்க வேண்டியது வேறொன்று. நிபுணர் தன் வேலையைச் செய்யட்டும், நீதிபதி தன் வேலையைச் செய்யட்டும். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பிறந்த நாள் முதல் தெரிந்தவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரிந்தது கோப்பில் ஏற வேண்டும், மருத்துவரின் மேசைக்குப் போக வேண்டும், வழக்கு வந்தால் நீதிமன்றத்திலும் ஒலிக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பழைய பள்ளி அறிக்கைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் நாளைக்கே பள்ளிக்குத் தொலைபேசியில் கேளுங்கள். புரியாத அறிக்கை கையில் இருந்தால் அடுத்த சந்திப்புக்கு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து படிப்போம்.